ஒரு கண்ணுக்கு ஒரு வரி

ஜனவரி 9

வாலுவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. போன முறை வந்தபோது, "அண்ணி, உங்க கம்ப்யூட்டர் ஒரே குப்பையா இருக்கு, சுத்தம் பண்ணித் தரேன்" என்று உட்கார்ந்தாய். பழையவை என்று உனக்குத் தோன்றிய ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாய். அதில் பாதி, நான் செய்துகொண்டிருந்த வேலை. எல்லாவற்றையும் முதலிலிருந்து டைப் அடித்தேன். அதனால்தான் நீ கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தால் கத்துவேன். பிறகு உன் அண்ணனுக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

இப்போது எழுதக் காரணம், வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒரு விஷயம். எங்கள் கண் மருத்துவமனையின் பள்ளிப் பிரிவு உனக்குத் தெரியும். குழுக்கள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கும். ஒவ்வொரு குழுவும் எனக்கு ஒரு எக்செல் ஃபைல் அனுப்பும். அதை எல்லாம் நான் ஒன்றாகச் சேர்த்து, லென்ஸ் அறைக்கு ஒரு பட்டியல், பள்ளிகளுக்கு ஒரு பட்டியல் என்று போட்டுத் தர வேண்டும். ஒரு குழுவின் ஃபைல் மாதிரி இன்னொரு குழுவின் ஃபைல் இருக்காது. ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். சேர்த்து முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். போன வருடம் கண்ணாடிகள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை முடிந்து பள்ளிக்கூடமே பூட்டியிருந்தது.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். "இந்த வருஷமும் பரீட்சைக்கு முன்னாடி கண்ணாடி போய்ச் சேரலன்னா பள்ளிப் பிரிவை மூடிடச் சொல்லிட்டாங்கம்மா. நான் என்ன பண்ண?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

இந்தப் பிரிவை ஒற்றை மேசையோடு தொடங்கியவள் நான். மூடினால் என்னை வேறு நாற்காலிக்கு மாற்றுவார்கள், அது போகட்டும். பிள்ளைகள் கரும்பலகை தெரியாமலே வகுப்பேறிப் போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தச் சேர்க்கிற வேலையைத் தானாக நடக்க வைக்க முடியுமா? முடியும், முடியாது என்று ஒரு வரி எழுது. போன் வேண்டாம்.

அண்ணி

ஜனவரி 11

அண்ணி,

முடியும்.

ஒரு வரிதான் கேட்டீர்கள். ஆனால் உங்கள் நாத்தனார் ஒரு வரியோடு நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. நான் செய்தது தப்புதான் அண்ணி. அன்றைக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட வேலையைச் செய்து தருவது மேல் என்று தோன்றுகிறது. கெஞ்சினால் நீங்கள் இன்னும் ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இங்கே சரக்குக் கிடங்கு ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். லாரிக்காரர் ஒருவர் அனுப்பும் கணக்கு இன்னொருவர் கணக்கு மாதிரி இருக்காது. அதனால் இந்தத் தலைவலி எனக்குப் பழக்கம். எல்லா ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். புரோகிராம் ஒவ்வொன்றாகத் திறந்து, மேலிருந்து கீழே ஓடும் பத்திகளில் எதில் பெயர், எதில் பவர் என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்து ஒரே பட்டியலாக்கும். பிறகு யாருக்கு எந்த வடிவம் வேண்டுமோ அப்படி மடித்துக் கொடுக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஃபைல்களை எனக்காக அழகுபடுத்தாமல், வந்த கோலத்திலேயே அனுப்புங்கள். கூடவே எந்தக் குழு எப்படி எழுதும் என்று, உங்களுக்குத் தெரிந்த அவர்கள் குணம் எல்லாம் எழுதுங்கள். புரோகிராமுக்கு நாம் சொன்னது மட்டும்தான் தெரியும். ஊகிக்கத் தெரியாது.

வாலு

ஜனவரி 16

வாலுவுக்கு,

போன வருட ஃபைல்கள் எல்லாம் இத்துடன். குணம் எழுதச் சொன்னாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதல் குழு ஒழுங்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, வலது கண், இடது கண் பக்கத்தில் பக்கத்தில். இரண்டாவது குழுவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி, கண்ணுக்கு ஒன்றாக. இரண்டாவது வரியில் பெயரை எழுத மாட்டார்கள். "மேலதான் இருக்கே" என்பார்கள். இன்னொரு குழுவின் தலைவி ஒரே ஃபைலுக்குள் வகுப்புக்கு ஒரு தாள் வைப்பாள். வகுப்பின் பெயர் தாளின் அடியில் டேப் என்கிறார்களே, அந்தச் சின்ன நாக்கில்தான் இருக்கும், உள்ளே எங்கேயும் இருக்காது. மலைப்பக்கத்துக் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கட்டங்களை ஒன்றாக இணைத்துப் பள்ளியின் பெயரைப் பந்தலில் கட்டுகிற பேனர் மாதிரி எழுதுவார். வகுப்புக்கு வகுப்பு நடுவில் வெற்று வரி விடுவார், கேட்டால் மூச்சு விட இடம் வேண்டாமா என்பார். ஒருத்தி மைனஸ் குறியை எண்ணுக்குப் பின்னால் போடுவாள். எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

டார்ச் குழுவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் தலைவர் சட்டைப் பையில் எப்போதும் டார்ச் வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். முன்பு புகைப்படக்காரராக இருந்தவர், பிறகு கண் சோதிக்கப் படித்தார். இருக்கிற குழுக்களிலேயே சுத்தமான ஃபைல் அவருடையது. ஒரு வரி விடாமல் எழுதுவார்.

இனி வேண்டிய வடிவம். பள்ளிக்குப் பிள்ளைக்கு ஒரு வரி. லென்ஸ் அறைக்கு அது ஆகாது. அங்கே இருக்கிற கண்ணாடிக்காரர் ஒரே பவர் லென்ஸை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்து வைப்பார். அவருக்குக் கண்ணுக்கு ஒரு வரி வேண்டும், பவர் வரிசைப்படி. பிள்ளையை இரண்டாகப் பிரித்து அவரிடம் அனுப்பி, கண்ணாடியான பிறகு திரும்ப ஒன்று சேர்த்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். என் உயிரை எடுப்பது இந்தப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குத் தப்பான கண்ணாடி கொடுத்தால் மறுநாளே வந்து சண்டை போடுவார்கள். பிள்ளைகள் போட மாட்டார்கள். கண்ணாடி என்றால் இப்படித்தான் தலை வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துச் சும்மா போட்டுக்கொள்ளும். அதை நினைத்துத்தான் இத்தனை வருடம் யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. உன்னிடம் கொடுக்கிறேன். பார்த்துச் செய்.

அண்ணி

ஜனவரி 29

அண்ணி,

புரோகிராமை அனுப்பிவிட்டேன். எப்படி ஓட்டுவது என்று தனியாக எழுதியிருக்கிறேன். ஃபோல்டர், பட்டன், அவ்வளவுதான்.

இந்த ஃபைல்களை நீங்கள் வெறும் கையால் சேர்த்தீர்கள் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. முதல் நாள் மூன்று ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தேன். எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றேன். அன்றைக்கு உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து குப்பை என்று சொன்ன வாய் இதுதானா என்று இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஒவ்வொரு குழுவும் ஒரு பூதத்தை வைத்திருந்தது. பெயர் இல்லாத இரண்டாவது வரிக்கு மேல்வரிப் பெயரை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். தாளின் நாக்கிலிருந்து வகுப்பை எடுத்து ஒவ்வொரு வரியிலும் எழுத வைத்தேன். மலைப்பக்கத்துப் பெரியவர் மூச்சு விட விட்ட இடத்தை எல்லாம் மூட வைத்தேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பின்னால் போன மைனஸை முன்னால் இழுத்து வந்தேன். எங்கேயாவது புரியாத வரி வந்தால் புரோகிராம் தானாக முடிவு செய்யாது. தனியாக ஒரு தாளில் எடுத்து வைத்து, "இதை ஒரு ஆள் பார்க்கணும்" என்று சொல்லும். அந்த ஆள் நீங்கள்தான்.

என்னோடு வேலை செய்கிறவளிடம் காட்டினேன். "யாருடி உங்க அண்ணி, இதுவரைக்கும் கையாலயா சேர்த்தாங்க?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னவோ நானே சேர்த்த மாதிரி தலையை ஆட்டினேன்.

வாலு

பிப்ரவரி 14

வாலுவுக்கு,

குழுக்கள் எல்லாம் இந்த வருட ஃபைலை அனுப்பி முடித்தார்கள். நீ சொன்னபடி ஃபோல்டரில் போட்டேன். பட்டனை அழுத்துவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முடிந்திருந்தது.

நான் நம்பவில்லை. முதல் குழுவின் பள்ளி ஒன்றை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். சரி. தாளின் நாக்குக்காரியின் பள்ளி ஒன்றைப் பார்த்தேன். சரி. புரியாத வரிகள் என்று அது எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எல்லாம் எனக்கும் புரியாத வரிகளே. ஒன்றில் பவர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு போன் நம்பரை அடித்திருந்தார்கள். நானாக இருந்தால் அந்த அசதியில் அதையும் லென்ஸ் அறைக்கு அனுப்பியிருப்பேன்.

கண்ணாடிக்காரரிடம் பட்டியலைக் கொடுத்தேன். அவர் பழம் தின்று கொட்டை போட்டவர், எதற்கும் அசைய மாட்டார். இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "என்னம்மா, எப்பவும் கோடை லீவுல தானே இதைக் கொடுப்பீங்க" என்றார். அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார்.

உன்னைப் பாராட்ட எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். ஆனால் உன் அண்ணனிடம் மாலை முழுவதும் இதையேதான் பேசினேன். "போன் பண்ணி அவகிட்டயே சொல்லேன்" என்றார். மாட்டேன் என்றேன். கோபம் குறைந்துவிட்டது, ஆனால் வைராக்கியம் இன்னும் இருக்கிறது.

பெட்டிகள் அடுத்த வியாழன் காலை பள்ளிகளுக்குக் கிளம்பும். பட்டியலை உனக்கும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணி,

போனை எடுங்கள். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் முதலில் அனுப்பிய பழைய ஃபைல்களுக்கு நடுவில் போன வருடம் நீங்கள் போட்ட பட்டியலும் இருந்தது, நான் அழிக்காமல் விட்ட புண்ணியம். பவர் ரொம்ப ஏறியிருக்கும் பிள்ளைகள் யார் என்று பார்த்துச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று, இரண்டு வருடத்தையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்தில் பவர் கொஞ்சம்தான் மாறும். எல்லாக் குழுவிலும் அப்படித்தான் இருக்கிறது, டார்ச் குழுவைத் தவிர. அங்கே போன வருட வலது கண் பவர் இந்த வருட இடது கண்ணில் இருக்கிறது. போன வருட இடது இந்த வருட வலதில். ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும்.

போன வருடம் தப்பா, இந்த வருடம் தப்பா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் டார்ச்சுக்கும்தான் தெரியும். எதுவாக இருந்தாலும் டார்ச் குழுவின் பெட்டிகள் கிளம்பக் கூடாது.

அண்ணனைக் கூப்பிடுகிறேன்.

வாலு

பிப்ரவரி 21

வாலு,

உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நேற்று மேசையில் போன் அடித்தபடியே இருந்தது. உன் பெயரைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். வாசலில் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நான் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற உன் அண்ணனின் வண்டி, தலைக்கு மேல் 'பயிற்சி' பலகையோடு, ஆமை வேகத்தில் உள்ளே வந்தது. ஓட்டியது கற்றுக்கொள்ள வந்த பெண். நடுப்பாடத்தில் நீ கூப்பிட்டிருக்கிறாய். அவர் இறங்கி ஓடி வந்து தன் போனை என் காதில் வைத்தார். நீ இரண்டு வாக்கியம்தான் சொன்னாய். டார்ச் குழுவின் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

இந்த வருடம்தான் தப்பு. தப்பு உன் புரோகிராமுடையது இல்லை, என்னுடையது. டார்ச் புகைப்படக்காரராக இருந்தவர் என்று எழுதினேனே, அதன் பொருள் என்ன என்று எழுதினேனா? படம் எடுக்கிறவருக்கு எதிரில் இருப்பவரின் இடது வலது எல்லாம் தன் கைப்பக்கம்தான். தன் இடக்கைப் பக்கம் தெரிகிற கண்ணை இடது என்றே எழுதுவார். அது பிள்ளையின் வலது கண். வந்த புதிதில் சண்டை போட்டேன். "இனிமே மாத்தினா எனக்கு ரெண்டும் குழம்பிடும்மா, அப்புறம் எதை நம்புவீங்க?" என்றார். நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அவர் ஃபைலை எடுத்தால் என் கை தானாக இரண்டு பத்தியையும் மாற்றிப் போடும். மாற்றுகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சுத்தமான ஃபைல் என்று உனக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தேன்.

டார்ச்சை வரவழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. கண்ணாடிக்காரர் திட்டவில்லை. "வட்ட ஃபிரேம் தானே, பதறாதீங்க. கழட்டிப் பக்கம் மாத்திடலாம்" என்றார். லென்ஸ் அறையின் நீள மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் பெயரையும் பவரையும் படிக்க, டார்ச் ஆமாம் சொல்ல, கண்ணாடிக்காரர் கழற்றி மாட்டினார். மற்ற குழுக்களின் பெட்டிகள் அதே வேனில் கிளம்பிப் போய்விட்டன. டார்ச்சின் பெட்டிகள் இன்று மதியம் கிளம்பின. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான் கையாலேயே சேர்த்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு இன்னொன்று தோன்றியது. என்றைக்காவது நான் காய்ச்சலில் படுத்து, வேறு யாராவது சேர்த்திருந்தால்? இரண்டு வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இங்கே யாருக்கு நேரம் இருந்தது? நீ பார்த்தாய். யாரும் கேட்காமலே பார்த்தாய். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணி,

கடைசிப் பத்தியை வேலை செய்கிற இடத்தில் படித்துவிட்டு, கண்ணில் தூசி என்று எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புரோகிராமில் டார்ச் குழுவுக்குத் தனியாக ஒரு படி சேர்த்துவிட்டேன். இனி பக்கம் மாற்றுவது அதன் வேலை. போன வருடத்தோடு ஒப்பிடுவதையும் உள்ளே வைத்துவிட்டேன். பட்டியல் வெளியே வருவதற்கு முன்பே அது பார்த்துவிடும். அதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டார்ச் போன வருடம் அனுப்பிய ஃபைலையும் நீங்கள் போட்ட பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். அசதியில், அவசரத்தில், நினைவே இல்லாமல் மாற்றியதாகச் சொல்கிறீர்களே, ஒரு வரி கூடத் தப்பவில்லை அண்ணி. நான் எழுதிய எந்தப் புரோகிராமும் முதல் தடவையே இப்படி ஓடினதில்லை.

இனி ஃபைல் சேர்க்கிற நாட்கள் எல்லாம் உங்களுக்கு மிச்சம். என்ன செய்யப் போகிறீர்கள்? தயவுசெய்து வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அண்ணன் பொருள்களில் கை வைக்காதீர்கள்.

வாலு

மார்ச் 8

என் வாலுவுக்கு,

நேற்று போனில் பேசும்போது இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், உன் அண்ணன் பக்கத்தில் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிப் பிரிவை மூடவில்லை. எல்லாப் பள்ளிக்கும் பரீட்சைக்கு முன்பே கண்ணாடி போய்விட்டது என்று மேலாளர் மேலே எழுதினார். தொடரச் சொல்லிவிட்டார்கள். பிறகு என்னிடம், "அடுத்த வருஷம் எத்தனை பள்ளி எடுத்துக்கலாம்?" என்று கேட்டார். என்னால் அவ்வளவுதான் சேர்க்க முடியும் என்று வருடா வருடம் நான் திருப்பி அனுப்பிய பள்ளிகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நேற்று முன்தினம் டார்ச்சோடு அவர் பள்ளி ஒன்றுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் கண்ணாடி கொடுப்பதை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்றால் நம்புவாயா? ஒரு பள்ளிக்குக் கொடுக்கும்போது இன்னொரு பள்ளிக்குப் பட்டியல் அடித்துக்கொண்டிருப்பேன். பெயர் பெயராக விரல் வழியே போகும், ஒன்றுகூட மனதில் நிற்காது. இந்த முறை நான் எதையும் அடிக்கவில்லை. லென்ஸ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வரிசையில் வந்தன. ஆசிரியர் கூப்பிட, டார்ச் மாட்டிவிட்டார். நான் சும்மா நின்றேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், அவள் வலது கண்ணில் பவர் அதிகம், இடது கண்ணில் கொஞ்சம்தான். மாட்டியதும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மற்றதை மூடிப் பார்த்தாள். "சார், ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி தெரியுது" என்றாள். டார்ச் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவள் என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. நான் ஆபீஸ்ல இருக்கேன். யாருக்கு என்ன கண்ணாடின்னு லிஸ்ட் போடுவேன்."

"அப்ப என் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்திருந்தது, வாலு. பெயரைச் சொன்னேன், அப்பாவின் முதலெழுத்தோடு.

அண்ணி